நெடுவாழ்வு பெறும் பதிப்புகள்

ஒரு நூல் எத்தனை பதிப்புக் கண்டது என்று கேட்பது நம் வழக்கம். அவற்றுள் எது நிலைத்தது, அதனை நிலைக்கச் செய்தவர் யாவர் என்று கேட்போர் சிலரே. கணிப்பொறித் துறையில் இவ்வினாவுக்கு விடை பகரும் வரலாறு ஒன்று உண்டு. அது லினக்ஸ் கெர்னலின் வரலாறு.

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, திரை, வலைத்தொடர்பு ஆகிய அனைத்தையும் ஆண்டு, பிற நிரல்களுக்கு முறையாகப் பங்கிட்டளிக்கும் கருப்பகுதியே கெர்னல் எனப்படும். இயக்க முறைமைக்கு உயிர் இதுவே. லினக்ஸ் கெர்னலுக்குப் பதிப்புகள் பல. அவற்றுள் மிகச் சிலவே ‘நெடுங்காலப் பராமரிப்பு’ என்னும் தகுதியை எய்துகின்றன. அத்தகுதி எவ்வாறு வாய்க்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்க காலம்

1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இப்பணியைத் தொடங்கினார். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதன்பின் எண்களைக் கொண்டே தரம் பிரிக்கும் வழக்கம் நிலவிற்று. இரண்டாம் எண் இரட்டையெனில் நிலைத்த பதிப்பு. ஒற்றையெனில் ஆக்க நிலையிலுள்ள பதிப்பு. 2001 ஜனவரியில் 2.4 பதிப்பும், 2003 டிசம்பரில் 2.6 பதிப்பும் வந்தன. இடைவெளி ஏறத்தாழ மூன்றாண்டுகள்.

2.6-க்குப் பின் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரலாயிற்று. வளர்ச்சி விரைவுற்றது; உடன் ஓர் இடரும் எழுந்தது. புதிய பதிப்பு பழைய பிழைகளைக் களையும். ஆயினும் புதிய பிழைகளையும் கொணரும். கருவிகளைச் செய்து விற்போர் மூன்று திங்களுக்கொரு முறை அடித்தளத்தை மாற்றவியலுமோ?

2005 மார்ச்சில் கிரெக் குரோவா-ஹார்ட்மன், கிறிஸ் ரைட் ஆகிய இருவரும் இதற்கொரு வழி கண்டனர். வெளிவந்த பதிப்புக்குப் பிழைதிருத்தங்களை மட்டும் சேர்த்துச் சிறு வெளியீடுகளாகத் தந்தனர். திருத்தம் சிறியதாக, 100 வரிக்கு மிகாததாக இருத்தல் வேண்டும். மெய்யாகவே பயனரை வருத்தும் பிழையைக் களைதல் வேண்டும். மூலத்தொடரில் ஏற்கப்பட்டிருத்தல் வேண்டும். இவை இத்தொடருக்கென அமைந்த நெறிகள். ஆயினும் அடுத்த பதிப்பு வந்ததும் முந்தையதன் பராமரிப்பு நின்றுவிடும்.

தகுதி பிறந்த வகை

2006-இல் ஏட்ரியன் பங்க் என்பார் 2.6.16 பதிப்பைத் தாமே நெடுங்காலம் பேண முன்வந்தார். 2008 வரை பேணினார். எந்தக் குழுவும் தேர்ந்தெடுத்து முத்திரை இடவில்லை. ஒருவர் சுமக்க இசைந்தார், பதிப்பு வாழ்ந்தது.

2009 டிசம்பரில் வந்த 2.6.32-இன் கதை வேறு. டெபியன், ரெட் ஹேட், சூசே, உபுண்டு ஆகிய நான்கும் தத்தம் வெளியீடுகளுக்கு அதனையே அடித்தளமாகக் கொண்டன. பலர் ஒரே பதிப்பின்மேல் நிற்கையில், ஒருவர் கண்ட பிழையின் திருத்தம் அனைவருக்கும் பயன்படும். குரோவா-ஹார்ட்மன் பேணிய அப்பதிப்பைப் பின்னர் வில்லி டாரோ ஏற்று, 2016 மார்ச் வரை காத்தார். ஆறாண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்வு அது.

2011-இல் இதற்கொரு முறைமை வகுக்கப்பட்டது. ஆண்டுக்கொரு பதிப்பைத் தேர்ந்து இரண்டாண்டு பேணுவதென்பது திட்டம். காலப்போக்கில், ஆண்டிறுதியில் வெளிவரும் பதிப்பைத் தேர்வதே பெரும்பான்மை வழக்காயிற்று.

தேர்வை முன்கூட்டி அறிவிப்பதிலும் ஓர் இடையூறு உண்டு. நெடுவாழ்வு பெறப்போகும் பதிப்பு இதுவெனத் தெரிந்தால், பக்குவப்படாத நிரல்களையும் அதற்குள் புகுத்திவிடப் பலர் விரைவர். முன்பு அவ்வாறு நேர்ந்ததுண்டு. அதனை அறிந்திருந்தும் 2016-இல் 4.9 பதிப்பு முன்னதாகவே அறிவிக்கப்பட்டது. மாற்றங்களின் எண்ணிக்கையில் அதுவரை வந்தவற்றுள் மிகப் பெரிய பதிப்பாக அது அமைந்தது.

சுமையின் அளவு

கைப்பேசிகளால் இச்சுமை பெருகிற்று. கெர்னலைச் சில்லு செய்வோர் தமக்கேற்ப மாற்றி, கைப்பேசி கடைக்கு வருவதற்குள் இரண்டாண்டுக் காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். எனவே 2017-இல் 4.4 பதிப்புக்கு ஆறாண்டுப் பராமரிப்பு அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் அது நிறைவுற்றது.

ஆண்டுகள் ஏற ஏறத் திருத்தம் கடினமாகும். இன்றைய நிரலுக்கு எழுதிய திருத்தம் ஆறாண்டுக்கு முந்தைய நிரலில் அப்படியே பொருந்தாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறை வெளிப்பட்டபோது, 4.4, 4.9 ஆகியவற்றுக்குப் புதிய பதிப்புகளுக்குச் செய்ததினின்றும் வேறுபட்ட திருத்தமே செய்ய நேர்ந்தது. நோய் ஒன்று, உடலுக்கேற்ப மருந்து வேறு.

2020 டிசம்பரில் வந்த 5.10-க்கு முதலில் இரண்டாண்டே குறிக்கப்பட்டது. இதனைப் பயன்படுத்துவோர் யார், சோதித்துத் துணைநிற்போர் யார் என்று பராமரிப்பாளர் நிறுவனங்களை நோக்கி வெளிப்படையாகவே வினவினார். துணைக்கு வருவோம் என்று சிலர் முன்வந்த பின்னரே காலம் 2026 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் பில்பாவோ நகரில் நடந்த மாநாட்டில், கெர்னல் இதழாளர் ஜொனாதன் கார்பெட், பராமரிப்புக் காலம் மீண்டும் இரண்டாண்டாகக் குறைக்கப்படும் என்று தெரிவித்தார். மிகப் பழைய பதிப்புகளைக் கையாள்வோர் அருகிவிட்டமையும், பராமரிப்போர் சோர்ந்துவிட்டமையும் காரணங்கள்.

ஆயினும் மின்னிலையங்களும் இருப்புப்பாதைகளும் இரண்டாண்டில் மாறுவன அல்ல. அவற்றுக்கெனச் சீமென்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் கூடி 2016-இல் குடிமைக் கட்டமைப்புத் தளம் என்னும் பொருள்படும் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பத்தாண்டுக்குக் குறையாமல் பேணுவது அதன் நோக்கம். முதலில் தேர்ந்த 4.4 பதிப்பை, பிறர் கைவிட்ட பின்னரும் அத்திட்டத்தார் தாங்கிவந்தனர்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. நெடுவாழ்வு என்பது பதிப்பின் பிறவிக் குணம் அன்று. சிறந்ததற்கு அளிக்கும் பரிசும் அன்று. ‘நான் பேணுவேன்’ என்று சிலர் தரும் வாக்குறுதியே அத்தகுதி. சொன்னவர் சோர்ந்தால் அதுவும் சோரும். தோள் கொடுப்போர் வந்தால் நீளும். புதியன படைப்போரின் பெயரை உலகம் விரைந்து அறிகிறது. பழையதன் பிழையை நாள்தோறும் நீக்குவோர் பெயர் வெளியே தெரிவதில்லை. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தார்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.