டாக்காவின் குறைமாதக் குழந்தைகளும் ஒரு கை எண்ணெயும்

பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். வங்கதேசத் தாய்மார்களும் அவ்வாறே செய்கின்றனர். அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது கடுகெண்ணெய். எந்த எண்ணெய் என்னும் கேள்வி குழந்தையின் உயிரையே தொடக்கூடியது என்பதை, டாக்கா நகரில் நடந்த ஓர் ஆய்வு உலகுக்கு உணர்த்தியது.

தோலின் மேலடுக்கை ஆய்வாளர்கள் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவர். அணுக்கள் செங்கற்கள், அவற்றினிடையே உள்ள கொழுப்புகள் சாந்து. உடலின் ஈரத்தை உள்ளே காப்பதும் கிருமிகளை வெளியே நிறுத்துவதும் இச்சுவரே. குறைமாதக் குழந்தைக்கு இச்சுவர் முழுமை பெறுவதில்லை. எனவே ஈரம் வெளியேறி உடல் குளிர்கிறது. கிருமிகள் எளிதில் உட்புகுந்து இரத்தத்தில் கலக்கின்றன.

கேரி டார்ம்ஸ்டாட் என்னும் குழந்தைநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதலில் எலிகளின் தோலில் எண்ணெய்களைச் சோதித்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சூரியகாந்தி எண்ணெய் சிதைந்த தோலை விரைந்து மீளச் செய்தது. கடுகெண்ணெயோ அம்மீட்சியைத் தாமதப்படுத்தியது. நாம் பெரிதும் மதிக்கும் ஜைத்தூன் எண்ணெயும் அவ்வாறே தாமதப்படுத்தியது. உண்பதற்கு நல்லதெல்லாம் தோலுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. லினோலெயிக் அமிலம் நிறைந்த சூரியகாந்தி எண்ணெய் அந்தச் சாந்துக்குத் துணையாகிறது.

அடுத்து, டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரம் நிறையுமுன் பிறந்த 497 குழந்தைகளிடம் சோதனை நடைபெற்றது. சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்ட குழந்தைகளுக்கு, எதுவும் தடவப்படாத குழந்தைகளைக் காட்டிலும் மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2005ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அவர்களிடையே இறப்பும் 26 விழுக்காடு குறைந்ததை 2008ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை காட்டியது. மலிவான ஓர் எண்ணெய் இத்தனை குழந்தைகளுக்குக் காப்பாயிற்று.

எனினும் இதை எங்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளலாகாது. 2004ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுடைய குழந்தைகளுக்குக் களிம்பு தடவியபோது ஒருவகைத் தொற்று கூடியது. ஆகவே குறைமாதக் குழந்தைக்கு எதைத் தடவுவதாயினும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தடவ வேண்டும்.

மூத்தோரின் அன்பான வழக்கத்தை டாக்கா ஆய்வு இகழவில்லை. தேய்க்கும் கரத்தை அப்படியே விட்டு, கிண்ணத்திலுள்ள எண்ணெயை மட்டுமே சோதித்துப் பார்த்தது. குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்காக நாம் கைக்கொள்ளும் வழக்கங்களையும் இவ்வாறே அறிவால் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமை.