முடிவை அறிந்து தொடங்கிய கதைகள்: கொழும்பில் தமிழ்த் தொடர்நாடகம்

ஒரே கதையைப் பல அங்கங்களாகப் பகுத்து, வாரந்தோறுமோ நாள்தோறுமோ வழங்கும் தொடர்நாடகத்தில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்றில், முதல் அங்கத்தை எழுதும்போதே எழுத்தாளர் இறுதி அங்கத்தையும் அறிந்திருப்பார். பாத்திரங்களின் ஏற்றமும் வீழ்ச்சியும் அந்த முடிவை நோக்கியே நகரும். மற்றொன்றில், விளம்பர வருவாய் வரும்வரை கதை வளர்ந்துகொண்டிருக்கும். எப்போது முடியும் என்பதை எழுதுபவரே அறியமாட்டார். கால்ஸ்வர்த்தியின் நாவல்களைத் தழுவி பி.பி.சி. 1967இல் 26 அங்கங்களில் ஒளிபரப்பிய 'போர்சைட் சாகா'வும், ஐந்து ஆண்டுகளில் நிறைவுபெறும் ஒரே கதையாக ஸ்ட்ராசின்ஸ்கி முன்கூட்டியே வகுத்த அமெரிக்கத் தொடரான 'பாபிலோன் 5'உம் முதல் மரபுக்குப் பெயர்பெற்ற சான்றுகள். அம்மரபு கொழும்புத் தமிழருக்கும் புதியதன்று. தொலைக்காட்சி வருவதற்கு முன்பே அது வானொலியில் வேர்கொண்டிருந்தது. தொலைக்காட்சி வந்தபின் ஏன் தழைக்கவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. 1949இல் 'ரேடியோ சிலோன்' உருவாகி, அடுத்த ஆண்டில் வர்த்தக சேவையும் ஆரம்பிக்கப்பட்டபோது, தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இலங்கையில் மட்டுமன்றித் தமிழ்நாட்டிலும் நேயர்கள் கிடைத்தனர். தமிழ் நாடகப் பகுதியை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் 'சானா' எனப்பட்ட எஸ். சண்முகநாதன். அவர் காலத்தில், ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவரான இலங்கையர்கோன் 'விதானையார் வீட்டில்', 'கொழும்பிலே கந்தையா' போன்ற நாடகங்களை வானொலிக்கு எழுதினார். விதானையார் என்பவர் அந்நாளைய கிராமத் தலைமை அலுவலர். வழக்கு, சீதனம், காணித் தகராறு என ஊரின் எல்லா விவகாரங்களும் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தமையால், தொடராக வளரும் கதைக்கு அந்த வீடு இயல்பான களமாயிற்று. கந்தையா தலைநகருக்கு வந்து சேரும் கதையோ, உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியிருந்த குடும்பங்களுக்குத் தங்கள் வாழ்க்கையையே காதால் கேட்கும் அனுபவமாக அமைந்திருக்க வேண்டும்.

1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய வானொலி நிலையம், 1970களில் டொரிங்டன் சதுக்கக் கலையகத்திலிருந்து வழங்கிய தமிழ் நாடகங்களில் இரண்டு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' முதற்போக்கான நகைச்சுவைத் தொடரின் சிகரம். அதில் ராமதாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்கள வாடை கலந்த தமிழ், பிராமணத் தமிழ் என நால்வரும் நான்கு வகையாகப் பேசியதால், முகம் தெரியாத ஊடகத்தில் முதற்சொல்லிலேயே பேசுபவர் யார் என்று நேயர் அறிந்துகொண்டார். கொழும்பின் ஒரு சந்தி முழுவதும் அந்த நால்வருக்குள் அடங்கியிருந்தது. இந்நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. ஆயினும் இதன் கட்டமைப்பு வாரத்துக்கு ஒரு சிக்கலும் அதன் தீர்வுமே, பாத்திரங்கள் மாறுவதில்லை.

முடிவை நோக்கி நகரும் கதையான மற்றப் போக்கின் உச்சம் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்'. கவிஞராகவும் ஒலிபரப்பாளராகவும் அறியப்பட்ட செல்வராசன் இதை முதலில் திரைப்படச் சுவடியாக, அதாவது காட்சி வாரியாகப் பகுக்கப்பட்ட முழுமையான படப் பிரதியாக எழுதினார். பின்னரே அது வானொலித் தொடரானது. இந்த வரிசை முக்கியமானது. நூலாகவே அச்சிடத்தக்க வகையில் நிறைவுபெற்ற ஒரு கதை அங்கங்களாகப் பகுக்கப்பட்டதால், தொடக்கத்தில் விதைக்கப்படும் சிறு மனக்கசப்பும் பின்னொரு நாளில் விளைவதற்காகவே விதைக்கப்பட்டது. கே. எஸ். பாலச்சந்திரனும் கமலினி செல்வராசனும் நடித்த அந்நாடகம், யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பமொன்றின் துயரத்தை நகைச்சுவையின் துணையின்றியே வாரக்கணக்கில் கேட்கவைத்தது. முழுக்கதையையும் மனதில் வகுத்துக்கொள்ளும் எழுத்தாற்றல் அக்காலத்தில் வேறு இடங்களிலும் பெருகியிருந்தது. கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து இயங்கிய வீரகேசரி நிறுவனம் 1970களில் ஈழத்து நாவல்களை மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டது. அவ்வரிசையில் வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாயிற்று. எழுத்தாளர், பயின்ற குரல்கள், தயாரிப்பாளர், நேயர் என்ற நான்கும் ஒரே நகரில் ஒன்றுகூடியிருந்தன.

இந்நிலையில்தான் தொலைக்காட்சி வந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ஜப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரூபவாஹினி ஆரம்பித்து 17 மாதங்களில் 1983 யூலை வன்செயல் கொழும்பைச் சூழ்ந்தது. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹெந்தளையில் தீக்கிரையாயிற்று. கலைஞர்களுள் பலர் அன்றும் அடுத்த ஆண்டுகளிலும் நாட்டைவிட்டே வெளியேறினர். ரூபவாஹினியின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றிய பி. விக்னேஸ்வரனும், 'அண்ணை றைற்' தனிநடிப்பால் புகழ்பெற்ற கே. எஸ். பாலச்சந்திரனும் பின்னாளில் கனடாவில் குடியேறினர். தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் சிங்களத்துக்குரியதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. நீண்ட கதை என்பது ஒரு வாக்குறுதி. இன்று தோன்றும் நடிகர் ஆறு மாதத்துக்குப் பின்னும் அதே நகரில் இருப்பார் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் அத்தகைய கதையைத் திட்டமிட இயலாது.

அதே ஆண்டுகளில் சிங்களத் தொலைக்காட்சி நாடகம் வளர்ந்த விதம் இந்த இழப்பின் அளவை உணர்த்துகிறது. டி. பி. நிஹால்சிங்கவின் 'திமுத்து முத்து' தொடக்கிவைத்த வழியில், திரைப்பட இயக்குநர்களே சின்னத்திரைக்கு வந்து, வாரம் ஒருமுறை ஒளிபரப்பாகி உரிய இடத்தில் நிறைவுறும் தொடர்களைப் படைத்தனர். 1977இல் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை இயக்கிய தர்மசேன பத்திராஜ, பின்னர் சிங்களத்தில் 'கடுல்ல' என்ற தொடரை உருவாக்கி, குடியேற்றவாத ஆட்சிக் காலத் தென்னிலங்கையில் ஒரு வர்க்கம் எழுந்த வரலாற்றை அதில் விரித்துக் காட்டினார். தமிழ்க் கதையைத் திரையில் கையாளத் தெரிந்த அத்தகைய கலைஞர் தமிழிலும் ஒரு நெடுந்தொடரை இயக்கக்கூடிய சூழல் நிலவியிருந்தால், இந்த வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

வெற்றிடத்தை நிரப்பியது சென்னை. 1998இல் தொடங்கிய சக்தி தொலைக்காட்சி வழியாக 'சித்தி' முதலான சன் தொலைக்காட்சித் தொடர்கள் கொழும்பு வீடுகளை அடைந்தன. போரினால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் லொட்ஜ்களிலும், வெளிநாட்டு விசாவுக்காகவோ பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புக்காகவோ காத்திருந்தவர்களுக்கு, மாலைதோறும் தவறாது வரும் அக்கதைகள் பெருந்துணையாயின என்பதை மறுக்க முடியாது. ஆயினும் 800 அங்கங்களைக் கடந்த 'மெட்டி ஒலி'யும், 2003 முதல் 2009 வரை 1,500 அங்கங்களைக் கடந்து ஓடிய 'கோலங்கள்' தொடரும் நாளாந்த நீட்சியையே அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் ஒலித்த தமிழும் உறவுமுறையும் தெருவும் கொழும்புக்குரியவை அல்ல. உள்நாட்டுத் தயாரிப்பைக் காக்கும் நோக்கில் 2006இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வரி விதித்தது. ஆனால் வரி ஒரு வாயிலைக் குறுக்கலாமேயன்றி, உள்ளே ஒரு நாடகத்தை எழுதித் தராது.

திட்டமிட்ட தொடர்கதை எழுத்தாளரின் மனத்திறனால் மட்டும் விளைவதன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம். 1970களில் கொழும்புத் தமிழர் அதைப் படைத்தார்கள். அதற்குத் தேவையான நிலையான நேரமும், ஊதியமும், கலையகமும், அச்சமின்றி வாழும் கலைஞர் குழுவும் அப்போது இருந்தன. அந்தத் துணைகளுள் சிலவற்றையேனும் மீண்டும் அமைப்பது இன்றும் கைகூடாத காரியம் அன்று. ஆண்டுக்கு ஒரு தொடருக்கேனும், முழுப்பிரதியும் எழுதி முடிந்தபின் படப்பிடிப்பைத் தொடங்கும் நிபந்தனையோடு நிதியும் நேரமும் ஒதுக்கப்படுமானால், செல்வராசன் வானொலியில் நிறுவிய மரபைத் தொலைக்காட்சியில் தொடரக்கூடிய எழுத்தாளர்கள் இந்நகரில் நிச்சயம் முன்வருவார்கள்.