வீட்டு ஏ.சி.: கோடைக்கு முந்தைய பராமரிப்பு

தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது பரவலாக இருப்பது ஸ்பிளிட் ஏ.சி. அறைச் சுவரில் ஒரு பெட்டி, பால்கனியிலோ மொட்டைமாடியிலோ இன்னொரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் இரண்டு செம்புக் குழாய்கள், மின்கம்பி, தண்ணீர் வெளியேற ஒரு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான் அதன் உடல். மழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து தை வரை பல வீடுகளில் இது ஓடுவதில்லை. பங்குனி வெயில் ஏறிய பிறகு ரிமோட்டைத் தேடியெடுத்து அழுத்தும்போதுதான் கோளாறு தெரியவரும். அதற்குள் மெக்கானிக்குகளுக்கு வேலை குவிந்துவிடும். அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்குகிறது. அப்போது சர்வீஸுக்கு அழைத்தால் ஆள் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் அவசர வேலைதான் நடக்கும். மாசி மாதத்திலேயே, அதாவது பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில், இதை முடித்துவிட வேண்டும்.

காற்று, தண்ணீர், மின்சாரம் ஆகிய மூன்றும் தடையில்லாமல் போய்வருகின்றனவா என்று பார்ப்பதே இந்தப் பராமரிப்பு. வீட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் பணத்தைக் கொட்டுவதோ நான்காவதான 'கேஸ்' என்ற குளிரூட்டும் வாயுவுக்கு. பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

இயங்கும் விதம்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரப்பதத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் 1902இல் வடிவமைத்த ஏற்பாடே நவீன ஏ.சி.யின் தொடக்கம். ஈரத்தைப் பிழிந்தெடுப்பதுதான் அதன் முதல் வேலை. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வீட்டு ஏ.சி.யின் உழைப்பில் கணிசமான பங்கு இன்றும் அதற்கே போகிறது.

வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடேற்றுகிறது. அது கண்டென்சர் காயிலில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பிறகு மிகக் குறுகிய வழியொன்றில் புகுந்து அழுத்தம் இழந்து, உட்பெட்டியின் கூலிங் காயிலில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஆவியான வாயு மறுபடியும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன். வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் இத்திறன் அளக்கப்படுகிறது. வேலூரிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அதே பெட்டி அந்த அளவைத் தராது. காயிலில் தூசியும் அடைந்திருந்தால் குறைவு இன்னும் கூடும்.

உட்பெட்டி

முன்மூடியைத் தூக்கினால் தெரியும் இரண்டு வலை ஃபில்டர்களை வீட்டிலேயே கழுவலாம். தூசி படிந்த பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் தூசி வலைக்குள் இன்னும் இறுகும். பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விட்டால் தூசி பாளமாகக் கழன்று விழும். வெந்நீர் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது. பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ஃபில்டருக்குப் பின்னால் கூலிங் காயிலின் அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. அவற்றைப் பம்ப் வைத்துத் தண்ணீரால் கழுவும் 'வாட்டர் சர்வீஸ்' ஆண்டுக்கு ஒருமுறையாவது வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. காற்று வெளிவரும் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் நீளமான உருளை போன்ற புளோயர் தெரியும். அதன் ஒவ்வொரு இறகின் உட்குழிவிலும் கறுத்த தூசி அப்பியிருந்தால், காயில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காற்று குறைவாகவே வரும். போட்ட முதல் நிமிடத்தில் வரும் புழுங்கல் வாடையும் பெரும்பாலும் அங்கிருந்துதான். புளோயரையும் கழுவச் சொல்லிக் கேட்டு, கழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தவறில்லை. எலக்ட்ரானிக் போர்டைப் பிளாஸ்டிக் உறையால் மூடிய பிறகே பம்ப்பைத் தொட வேண்டும்.

ஈரமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வடிக்கும். ஏ.சி. ஓடாத மாதங்களில் டிரெய்ன் குழாயில் பாசி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் ஓட்டத்தில் அது ஊறி அடைத்துக்கொள்ள, தண்ணீர் சுவரில் வழியும். உட்பெட்டித் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளியே அதே வேகத்தில் கொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். குழாய் நெடுகச் சரிவாக இருக்க வேண்டும். அதன் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் வடிவது தடைப்படும்.

வெளிப்பெட்டி

புறா முட்டையிட்டிருக்கும், குளவி கூடு கட்டியிருக்கும், பழைய சாக்கும் துடைப்பமும் மேலே சாய்ந்திருக்கும். முதலில் இவற்றை அகற்ற வேண்டும். கண்டென்சர் காயிலை மிதமான அழுத்தத்தில் உள்ளிருந்து வெளிநோக்கிக் கழுவுவது முறை. நேர்முகமாக வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழியை அடைத்துவிடும். மேலே வெயில் தடுப்பு போடலாம். ஆனால் சூடான காற்று வெளியேறும் முன்பக்கத்தை எதுவும் மறைக்கக் கூடாது. வெளியேறிய சூடு அங்கேயே சுழன்று திரும்பினால் கம்ப்ரசர் திணறும்.

கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை வெண்பொடியாக உதிர்த்துவிடும். அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசுவது அங்கே அவசியம். தாங்கிச் சட்டத்தின் போல்டுகளும் துருப்பிடிக்கும். மாடிச் சுவரில் தொங்கும் வெளிப்பெட்டி பல கிலோ எடையுள்ளது, கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள். சட்டம் துருவேறியிருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதை மாற்ற வேண்டும். செம்புக் குழாய்மேல் சுற்றிய கறுப்பு நுரை உறை வெயிலில் வெடித்திருந்தால் அதையும் புதிதாகச் சுற்ற வேண்டும்.

மின்சாரம்

ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஏறத்தாழ 1.5 கிலோவாட் எடுக்கும். இந்தச் சுமை மணிக்கணக்காக ஓடும்போது தளர்ந்த ஒரு திருகுகூடச் சூடாகி உருகும். பிளக்கின் காலில் பழுப்புக் கறை தெரிந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஏ.சி.யைச் செருகவே கூடாது. வெளிப்பெட்டியின் போர்டில் பல்லி புகுந்து ஷார்ட் ஆவதும், தொடர்பு முனைகளில் எறும்பு அடைவதும் நம் ஊரில் சாதாரணம். கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றால் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் அதை வீட்டார் தொடுவது ஆபத்து.

கேஸ்

ஏ.சி.யின் வாயு எரிபொருள் இல்லை. ஓடுவதால் அது தீராது. முழுக்க மூடிய சுற்றுக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்காகச் சுழல்கிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் 'டாப்-அப்' செய்வது பணத்தையும் வாயுவையும் சேர்த்து வெளிக்காற்றில் விடுவதுதான்.

எதை முதலில் செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூலிங் காயிலும் ஃபில்டரும் அழுக்காக இருக்கும்போது மீட்டரைச் செருகினால் அழுத்தம் இயல்பாகவே குறைவாகக் காட்டும். காயிலில் பனியும் உறையலாம். அதைக் காட்டி கேஸ் குறைவு என்று சொல்லிவிடலாம். கழுவி முடித்து, கால் மணி நேரம் ஓட்டிய பிறகு எடுத்த அளவையே நம்ப வேண்டும். அழுத்தம் வாயுவுக்கு வாயு மாறும்: ஓடும்போது ஆர்-22இல் 60–70 பி.எஸ்.ஐ. இயல்பு, ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டிலும் அது 110ஐத் தாண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரசரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் அழுத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

கசிவு அதிகம் ஏற்படுவது செம்புக் குழாய் பெட்டியோடு சேரும் பித்தளை நட்டுகளில். அந்த நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கறுப்பு வளையம் தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் சரி. சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். முறையான வேலை இப்படிப் போகும்: நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது, வேக்கம் பம்ப்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது, வெளிப்பெட்டியின் லேபிளில் அச்சிட்ட கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து வாயு ஏற்றுவது. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. கம்ப்ரசர் எண்ணெயோடு அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரோப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். இவை உள்ள ஏ.சி.யில் வாயு வெளியேறும்போது பக்கத்தில் விளக்கோ பீடி நெருப்போ இருக்கக் கூடாது.

சோதனை ஓட்டம்

எல்லாம் முடிந்தபின் மெக்கானிக் கிளம்பும் முன்பே குறைந்த வெப்பநிலை, அதிக ஃபேன் வேகம் வைத்துக் கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். உட்பெட்டிக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வேறுபாடு இருந்தால் நலம்; புழுக்கமான நாளில் கொஞ்சம் குறையலாம். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே இதற்குப் போதும்.

அன்றாட ஓட்டத்துக்கு 24 டிகிரியே ஏற்றது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் விற்கப்படும் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் தொடக்க நிலையாக 24 டிகிரியையே கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, கூடவே மின்விசிறி இருந்தால் 26 டிகிரியிலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய ஏ.சி.கள்

ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி ஆர்-22 வாயுவை இந்தியா படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. வளரும் நாடுகளுக்கான கெடு 2030. பின்னால் வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கு மேல் வலியது. ஆர்-32இல் இது 675 மடங்கு. ஆர்-22 பெட்டியில் கசிவு நட்டில் இருந்தால் சரிசெய்து ஓட்டலாம். காயிலே அரித்து ஓட்டை விழுந்திருந்தால், பத்து வயது தாண்டிய பெட்டிக்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்குவதே லாபம். எப்படியானாலும் பழைய ஆர்-22 பெட்டியில் ஆர்-32 வாயுவை ஏற்ற விடக் கூடாது. அழுத்தமும் எண்ணெயும் வேறு. அந்தக் கம்ப்ரசரும் குழாய்களும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.