முறுக்கு சுட்ட எண்ணெயும் பாலகாட் வெடியும்

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய எண்ணெய் ரொம்ப நாளாக அடுப்படியில் ஒரு பாட்டிலில் கிடந்தது. சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். நாங்கள் இருக்கும் டெக்ஸாஸ் பக்கத்தில், நன்றி நவிலல் நாள் முடிந்ததும் வான்கோழி பொரித்த எண்ணெயை நகராட்சிகளே வாங்கிக்கொள்வார்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். "இதை வெச்சு என்னப்பா பண்ணுவாங்க?" என்றாள் மகள். பயோடீசல் என்று சொல்லி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை நேராகக் கோலார் தங்கவயலுக்கு, பாலகாட் லைன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது.

அதென்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போட்டு வெடி வைக்கும் வேலை பார்த்தவர். சில நாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். அம்மா அதை "ஜெலட்டின் தலைவலி" என்பார். ஜெலட்டின் குச்சியில் இருக்கும் நைட்ரோகிளிசரின் தோல் வழியாக உடம்பில் இறங்கி, ரத்தக் குழாய்களை விரித்துவிடும். அதனால் வரும் தலைவலி அது. (இதே குணத்துக்காகத்தான் 1879ல் வில்லியம் மரல் என்ற லண்டன் மருத்துவர் அதை நெஞ்சுவலிக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். இன்றும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்!)

சரி, அந்த நைட்ரோகிளிசரின் எதிலிருந்து வந்தது? கொழுப்பிலிருந்து. வெட்டுக்கூடங்களில் கறி போக மிஞ்சும் மாட்டுக் கொழுப்பு, எண்ணெய் ஆலைகளின் மட்டமான எண்ணெய் எல்லாம் ஐரோப்பாவில் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் போயின. கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சினால் சோப்பு ஒரு பக்கம் திரளும். பத்தில் ஒரு பங்கு எடைக்குக் கிளிசரின் பிரிந்து, கீழே தங்கும் உப்பு நீரோடு கலந்துவிடும். நெடுங்காலம் அந்த நீரைச் சாக்கடையில்தான் விட்டார்கள்.

1847ல் இத்தாலியில் அஸ்கானியோ சொப்ரேரோ கிளிசரினை அமிலங்களோடு சேர்த்து நைட்ரோகிளிசரின் செய்தார். செய்தவரே பயந்துபோனார். ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் 1864ல் அது வெடித்துத்தான் இறந்தார். அந்தத் திரவத்தை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, 1867ல் டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார் நோபல். அதற்குப் பிறகு கிளிசரினுக்கு வந்த கிராக்கியில், சோப்பு ஆலைகளின் கழிவு நீரைக் காய்ச்சி அதைப் பிரித்தெடுக்கும் முறைகள் 1880களில் வந்தன. சாக்கடைக்குப் போனது காசாயிற்று.

அதே 1880ல்தான் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. வெண்கல் பாறையை உளியால் மட்டும் குடைந்து 3 கிலோமீட்டர் ஆழம் போக முடியுமா? வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் ஜனங்களின் கைகளும், எங்கோ சீமையில் வெட்டிய மாட்டின் கொழுப்பும் சேர்ந்துதான் அந்தத் தங்கத்தை வெளியே கொண்டுவந்தன. கேட்டால் விசித்திரமாக இருக்கிறது, இல்லையா?

1942ல் அமெரிக்க அரசு, வறுத்து மிஞ்சிய கொழுப்பைக் கறிக்கடையில் கொடுங்கள் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுக்கொண்டது. அதுவும் யுத்தத்துக்கான வெடிமருந்துக்குத்தான்.

இப்போது கதை இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. பயோடீசல் செய்தாலும் அதே பத்தில் ஒரு பங்கு கிளிசரின் மிஞ்சும். 2000களில் அது மலை மாதிரி குவிந்து விலை விழுந்தது. பெட்ரோலியத்திலிருந்து கிளிசரின் செய்துகொண்டிருந்த டவ் கம்பெனி, இதே டெக்ஸாஸில் ஃப்ரீபோர்ட் ஆலையை 2006ல் மூடியது. சொல்வே கம்பெனி 2007ல் பிரான்சில் ரயிலைத் திருப்பி ஓட்டியது. கிளிசரினிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்தது. அதிலிருந்து வருவதுதான் எபாக்ஸி பிசின். காற்றாலை இறக்கையிலிருந்து கம்ப்யூட்டர் சர்க்யூட் பலகை வரை அது இருக்கிறது.

ஆக, கழிவு என்று ஒரு பொருள் தனியாகக் கிடையாது. தேடி வர ஆள் இருந்தால் சரக்கு, இல்லாவிட்டால் குப்பை.

இதை எழுதும்போது மனசு உறுத்துகிறது. சுமார் 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டன. மிஞ்சியது 3 கோடி டன்னுக்கு மேல் சயனைடு மேடு. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும், சோற்றில்கூட விழும். வெடித்த பாறையின் தூசி எத்தனையோ பேர் நுரையீரலில் சிலிக்கோசிஸாகத் தங்கியதும் 1940களிலேயே தெரிந்த விஷயம்தான். 2024ல் அந்த மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. மண்ணுக்குக்கூட மறுபடி விலை வந்துவிட்டது. லைன் வீடுகளில் மிஞ்சியிருக்கும், விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் நம் ஜனங்களுக்கு?

மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயோடீசல் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், அவள் தாத்தாவின் தலைவலியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் சுரங்கத்தில் இருந்தவர்கள் இருந்தால், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.