அக்கி

நெருப்பைக் குறிக்கும் வடசொல்லான 'அக்னி' பிராகிருதத்தின் வழியே தமிழில் 'அக்கி' ஆயிற்று என்பர். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் எழுந்து எரியும் நோய்க்கு அது பொருந்திய பெயரே. சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் 'அம்மை' என்றும் இலங்கைத் தமிழில் பொதுவாகக் 'கொப்புளிப்பான்' என்றும் வழங்கும் நோயின் வைரசே இதற்கும் காரணமாகும். அம்மை ஆறிய பின்னும் அழியாத அவ்வைரசு, முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புத் திரட்டுகளில், அதாவது உணர்வு நரம்புக் கலங்கள் கூடிய முடிச்சுகளில், பெருகாது உறங்கிக் கிடந்து, முதுமையிலோ நோயெதிர்ப்பாற்றல் குன்றும்போதோ விழித்து, அதே நரம்பின் வழியே தோலை அடைகிறது. இவ்விளக்கத்தை 1965இல் விரிவாக முன்வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர். குயவர் காவிமண் குழைத்துப் பூசும் 'அக்கி எழுதுதல்' தமிழகத்தின் பழைய வழக்கு. கொப்புளங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே ஆறிவிடுவதால் புகழ் காவிக்குச் சேர்ந்தது போலும், நரம்பிலுள்ள வைரசை அது தொடுவதில்லை.