1808: ஒரு குளிர் இரவும் நான்கு மணி நேர இசையும்

பேரிலக்கியமோ பேரிசையோ அரங்கேறிய அன்றே அவையோரால் போற்றப்பட்டிருக்கும் என்று எண்ணுவது நம் வழக்கம். அவ்வெண்ணத்தை ஐயுறச் செய்யும் நிகழ்வொன்று மேலை இசை வரலாற்றில் உண்டு. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவின் 'ஆன் டெர் வீன்' நாடக அரங்கில் பீத்தோவன் நடத்திய இசை நிகழ்ச்சியே அது.

அன்றைய நிரலைப் பார்த்தாலே நமக்கு மலைப்புத் தோன்றும். முற்பாதியில் ஆறாம் சிம்பொனி, ஓர் இத்தாலியத் தனிப்பாடல், சி மேஜர் திருப்பலி இசையின் ஒரு பகுதி, நான்காம் பியானோ கான்செர்ட்டோ. பிற்பாதியில் ஐந்தாம் சிம்பொனி, திருப்பலி இசையின் மற்றொரு பகுதி, பியானோவில் கற்பனை வாசிப்பு, இறுதியாகப் பியானோவும் வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் இணையும் 'கோரல் ஃபேன்டசி'. மாலை ஆறரைக்குத் தொடங்கியது பத்தரைக்குத்தான் முடிந்தது.

இத்தனையையும் ஓரிரவில் திணித்தது பீத்தோவனின் செருக்கு என்று கூறிவிடலாம். ஆனால் காரணம் வேறு. அக்கால வியன்னாவில் பெரிய இசை நிகழ்ச்சிக்கெனத் தனி மண்டபம் இல்லை. நாடக அரங்குகளையே நாட வேண்டும். அவையோ தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களிலுமே எளிதில் கிட்டும். வருவாய் தமக்கே சேரும் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பீத்தோவன் இதற்குமுன் 1800இலும் 1803இலும் நடத்தியிருந்தார். ஐந்தாண்டுக்குப் பின் ஓர் இரவு வாய்த்தபோது, கைவசம் இருந்த அனைத்தையும் அவர் முன்வைத்தார். பசித்தவன் பந்தியில் அளவு பார்ப்பதில்லை.

விளைவு துன்பமாயிற்று. வாத்தியக் குழுவினருக்கும் அவருக்கும் முன்னரே பிணக்கு. ஒத்திகையோ போதவில்லை. அரங்கில் கடுங்குளிர். இளம் பாடகி அச்சத்தால் தடுமாறினார். 'கோரல் ஃபேன்டசி' நடுவில் குழம்பி நின்றுபோக, மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இளவரசர் லோப்கோவிட்ஸின் மாடத்தில் அமர்ந்து கேட்ட இசையமைப்பாளர் ரைஷார்ட், நல்லதாயினும் மிகுந்தால் தாங்காது என்ற பொருளில் எழுதிவைத்தார். எனினும், கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியில் பீத்தோவன் தம் கருவியைப் பாட வைத்தார் என்று அவரே வியந்திருக்கிறார்.

அந்நடுப்பகுதி இன்றும் நம்மை ஈர்ப்பது. நரம்புக் கருவிகள் ஒரே குரலாய்க் கடிந்து பேசுகின்றன. பியானோ தணிந்து மறுமொழி கூறுகிறது. மெல்ல மெல்லக் கடுங்குரல் அடங்குகிறது. செவித்திறன் குன்றிவந்த முப்பத்தெட்டு வயது மனிதர் அன்று அதனை வாசித்தார். அதற்குப்பின் பொது அரங்கில் கான்செர்ட்டோ எதையும் அவர் வாசிக்கவில்லை. அடுத்த கான்செர்ட்டோவை 1811இல் லைப்சிக் நகரில் பிரீட்ரிக் ஷ்னைடர் வாசித்தார்.

அவ்வேளையில் காசல் நகர அரசவையிலிருந்து பீத்தோவனுக்கு அழைப்பும் வந்திருந்தது. அவரை இழக்க விரும்பாத இளவரசர் ருடால்ஃப், லோப்கோவிட்ஸ், கின்ஸ்கி ஆகிய மூவரும், அவர் ஆஸ்திரிய மண்ணிலேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், ஆண்டுக்கு 4000 ஃபுளோரின் வழங்க 1809 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தனர்.

அன்று அரங்கேறிய இசையின் கதி என்னவாயிற்று? ஐந்தாம் சிம்பொனி அச்சேறியது. அதன் இசைக்குறிப்பை ஆராய்ந்து எழுத்தாளர் ஹாஃப்மன் 1810இல் வெளியிட்ட கட்டுரை, அதன் பெருமையை உலகறியச் செய்தது. நான்காம் கான்செர்ட்டோ காத்திருக்க நேர்ந்தது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அதனை, 1836இல் மெண்டல்ஸோன் லைப்சிக்கில் வாசித்து மீட்டார். பீத்தோவன் மறைந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

குளிரில் நான்கு மணி நேரம் அமர்ந்திருந்த அவையோரை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஒருமுறை மட்டுமே, அதுவும் தடுமாற்றங்களோடு கேட்டவர்கள் அவர்கள். நாமோ அதே கான்செர்ட்டோவை வேண்டும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். நம் காலத்துப் படைப்பொன்றை முதற்கேள்வியிலேயே தள்ளிவிடுமுன், அந்த அரங்கை ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நலம்.