அல்பேனியாவின் அமானிதம்

பதினோராந் தரத்தில் இரண்டாம் உலக மகாயுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “சேர், அந்த நேரம் முஸ்லிம்கள் யாராவது யூதர்களுக்கு உதவி செஞ்சாங்களா?” என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரிய கலாசாலையிலும் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. தேடிப்போன இடத்தில் கிடைத்தது ஓர் ஒளிப்படக்காரரின் கதை.

யூகோஸ்லாவியாவின் நோவிசாட் நகரில் ஒளிப்பட நிலையம் நடத்தியவர் மோஷே மந்தில் என்ற யூதர். 1941இல் ஜேர்மனியர் வந்ததும் மனைவி, பிள்ளைகளுடன் ஓடி, ஈற்றில் அல்பேனியாவின் திரானாவை அடைந்தார். அங்கே அவருக்கு வேலை கொடுத்த ஒளிப்பட நிலையத்தில் ரெபிக் வெசெலி என்ற முஸ்லிம் இளைஞர் தொழில் பழகிக்கொண்டிருந்தார். 1943 செப்டெம்பரில் ஜேர்மனியர் அல்பேனியாவுக்குள்ளும் புகுந்தனர். ரெபிக் தன் உம்மா வாப்பாவிடம் சம்மதம் கேட்டு, அந்தக் குடும்பத்தை இரவிரவாகக் கோவேறு கழுதைகளில் குரூயா மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனார். பெரியவர்கள் ஒளிந்திருக்க, யூதப் பிள்ளைகள் முஸ்லிம் பிள்ளைகளாக ஊரில் ஓடி விளையாடினர். 1987இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் ரெபிக்கையும் பெற்றோரையும் கௌரவித்தது. அல்பேனியருக்கு அக்கௌரவம் கிடைத்தது அதுவே முதற்தடவை.

யுத்தத்துக்கு முன் அங்கிருந்த யூதர் ஏறத்தாழ 200 பேர். முடிந்தபோது ஏறக்குறைய 2000 பேர். அகதிகளாக வந்தவர்களும் காப்பாற்றப்பட்டதே காரணம். கொடுத்த வாக்கை உயிர்போனாலும் காப்பதை அல்பேனியர் ‘பெசா’ என்பர். கிறிஸ்தவ அல்பேனியரும் போற்றும் பழைய வழக்கம் அது. முழுவதையும் மார்க்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1944இல் கொசோவோவில், அல்பேனிய முஸ்லிம்கள் நிறைந்த எஸ்.எஸ். படைப்பிரிவொன்று 281 யூதரைப் பிடித்து ஜேர்மனியரிடம் கொடுத்ததையும் மறைத்தால் அது சரித்திரமல்ல.

இக்குடும்பங்களை அமெரிக்க யூதரான நோர்மன் கேர்ஷ்மன் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். படங்கள் 2007இல் யாத் வஷெமில் காட்சிக்கு வந்து, மறுவருடம் நூலாயின. ரேச்சல் கொஸ்லின்ஸ் இயக்கி, பிலிப் கிளாஸ் இசையமைத்த ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. அதில் என்னை உலுக்கியவர் விளையாட்டுப்பொருள் கடைக்காரரான ரெஜெப் ஹோஜா. அவருடைய வாப்பா காப்பாற்றிய யூதக் குடும்பம் மூன்று ஹீப்ரு பிரார்த்தனை நூல்களை விட்டுச்சென்றிருந்தது. 1967இல் அல்பேனிய அரசு எல்லா மதங்களையும் தடைசெய்தது, பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. குர்ஆனை வைத்திருப்பதே ஆபத்தாயிருந்த அந்நாட்களிலும் அடுத்தவரின் வேதமொழி நூல்கள் அவ்வீட்டில் பத்திரமாயிருந்தன. அவற்றை உரியவரிடம் சேர்ப்பதே மகனுக்கு விட்டுப்போன பொறுப்பு. நாங்கள் அமானிதம் என்று சொல்வது இதைத்தானே? அதனை நிறைவேற்ற அவர் இஸ்ரேல் நோக்கிப் புறப்படுவதே அப்படத்தின் கதை.

எங்கள் பாடசாலையில் புரொஜெக்டர் இல்லை. அடுத்த பாடவேளையில் அப்படங்களைக் கைத்தொலைபேசியில்தான் காட்டினேன். அது வாங்கு வாங்காகக் கைமாறிப் போய், கேள்வி கேட்டவனிடம் நெடுநேரம் நின்றது.